விளைநிலத்தில் மணப்பந்தல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

 

சென்னையை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் முட்டுக்காட்டையும் கோவளத்தையும் கடந்ததும் திருவிடந்தையை அடைகின்றனர். நாள்தோறும் ஒரு திருமணம் என்பது அவ்வூர்ப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. மணமாகாதவர்கள் மாலையோடு வந்து வேண்டிச் செல்லும் ஊர் அது. அங்கிருந்து வடநெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரை சாலையின் இருமருங்கிலும் இன்று காணக் கிடைப்பவை திருமண இடங்களின் பெயர்ப்பலகைகளே. கடலோர விடுதிகள் பெருஞ்செல்வர்க்கும் திரைக்கலைஞர்க்கும் உரியவை. அவற்றுக்கிடையே, தென்னந்தோப்பும் சிறிது நெல்வயலும் ஒரு மாட்டுத்தொழுவமும் வைத்துக்கொண்டு, முகூர்த்த நாட்களில் மட்டும் தோப்பைத் திருமணத்துக்கு விடும் சிறு குடும்பப் பண்ணைகளும் உள்ளன. சாலையை விட்டு உள்ளே சென்றால் திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு வரையிலும் அத்தகையவற்றைக் காணலாம். இன்றைய உரை அந்தச் சிறு பண்ணைகளைப் பற்றியது.

இந்த அவையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சமணர் வணிகத்தைக் காட்டிலும் உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள். வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி, மேல்சித்தாமூர்ப் பக்கங்களில் நயினார் வீடு என்றாலே நெற்களஞ்சியம் உள்ள வீடு என்று பொருள். இன்று அந்த வீடுகளின் மக்கள் பலர் தாம்பரத்திலும் செங்கற்பட்டிலும் வேலை பார்க்கின்றனர். நிலம் ஊரில் இருக்கிறது, அல்லது விற்ற பணத்தில் இந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கின்றனர். அந்த இரண்டு ஏக்கரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தவுடன் யாராவது ஒருவர், கல்யாணத்துக்கு விடலாமே என்கிறார்.

சொல்பவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கல்யாண மண்டபம்தான் புதியது. வீட்டு வாசலிலும் நெற்களத்திலும் தென்னங்கீற்றுப் பந்தலிட்டு, வாசலில் குலைவாழை கட்டி நடத்துவதே நம் பாட்டனார் காலத்துத் திருமணம். அறுவடை முடிந்து களம் காலியானபின் தை மாதம் பிறந்தது. நெல் வீட்டில் இருந்தது, வைக்கோல் போரில் இருந்தது, கையில் சிறிது காசும் இருந்தது. முகூர்த்தக் காலமும் உழவனின் ஓய்வுக் காலமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் அன்று. உழவர் வீட்டு வசதியைப் பார்த்தே அந்த மாதம் மணமாதமாக நிலைபெற்றிருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். முந்நூறு பேருக்கு ஒரு வேளை விருந்து. ஓர் இலைக்கு நூற்றைம்பது கிராம் அரிசி என்று தாராளமாகவே வைத்தால் 45 கிலோ. நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசியாகத் தேறும் என்பதால், 70 கிலோ நெல் போதும். பேச்சுவழக்கில் ஒரு மூட்டை. 2024-25 பருவத்துக்கு மைய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஆகவே முந்நூறு பேர் வயிறார உண்ணும் சோற்றுக்கு உரிய நெல்லை விளைவித்தவருக்கு அந்த விலையில் கிடைப்பது ஏறத்தாழ 1,600 ரூபாய். மணமேடைக்குப் பின்னால் கட்டும் பூத்திரையின் ஒரு மூலைக்குக்கூட அது போதாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எந்த உழவரும் தோப்பைத் திருமணத்துக்கு விடுவதைத் தவறென்று சொல்லமாட்டார். இங்கே தொடங்கும் ஆபத்து வேறு. முதலாண்டு தோப்பை மட்டும் விடுகின்றனர். இரண்டாம் ஆண்டு வண்டிகள் நிற்க இடம் போதவில்லை என்று அரை ஏக்கர் வயலில் கிராவல் கொட்டுகின்றனர். மூன்றாம் ஆண்டு மழைக்குக் கூரை வேண்டும் என்று தகரக் கொட்டகை எழுகிறது. நான்காம் ஆண்டு தொழுவத்தின் நாற்றம் விருந்தினர்க்குப் பிடிக்கவில்லை என்று மாடுகளை விற்கின்றனர். ஐந்தாம் ஆண்டு அங்கே இருப்பது புல்தரை போட்ட ஒரு மண்டபம். பெயர்ப்பலகையில் மட்டும் பண்ணை என்ற சொல் மிச்சமிருக்கும். ஒரே நாளில் விற்றுத் தொலைத்த நிலத்தைவிட, இப்படிச் சிறிது சிறிதாகப் போன நிலமே செங்கற்பட்டுப் பக்கம் மிகுதி என்று எண்ண இடமுண்டு.

இத்தாலியர் இந்தச் சிக்கலை முன்பே கண்டவர்கள். அந்நாட்டில் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கும் தொழிலுக்கு 1985-இல் தனிச் சட்டம் இயற்றினர். 2006-இல் அதைத் திருத்தி அமைத்தனர். அதன் உயிர்நாடி ஒன்றே. வேளாண்மை முதன்மையாக இருக்க வேண்டும். விருந்தோம்பல் அதற்குத் துணையாக மட்டுமே இருக்கலாம். எது முதன்மை என்பதை அங்கே வரவைக் கொண்டு மட்டும் பார்ப்பதில்லை; குடும்பத்தார் ஆண்டில் எத்தனை நாள் வயலில் உழைத்தனர், எத்தனை நாள் விருந்தினர்க்காக உழைத்தனர் என்று உழைப்பு நேரத்தையும் கணக்கிடுகின்றனர். வரவைக் கொண்டு பார்த்தால் திருமணம் எப்போதும் வென்றுவிடும், ஒரு முகூர்த்தத்தின் வாடகைக்கு முன் ஒரு போக நெல் நிற்காது. உழைப்பைக் கொண்டு பார்த்தால் பண்ணை பண்ணையாகவே இருக்க வழியுண்டு. நம் மாநிலத்தில் இப்படி அளந்து பார்க்கக் கட்டாயம் இல்லை. இருப்பினும் ஒரு குடும்பம் தன் நாட்குறிப்பில் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

நாட்குறிப்பு என்றதும் பருவங்களின் மோதலைச் சொல்ல வேண்டும். உரையின் பெரும்பகுதி இதற்கே உரியது. செங்கற்பட்டு ஏரிகளின் மாவட்டம். மதுராந்தகம் ஏரியும் கொளவாய் ஏரியும் பலரும் அறிந்தவை. ஏரிப்பாசனத்தில் இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள். சம்பா அறுவடை தையில் வரும். நவரை நடவும் மார்கழி, தையில்தான். அதாவது, ஆண்டிலேயே மிகுதியான கைகள் வயலுக்குத் தேவைப்படும் அதே வாரங்களில் முகூர்த்தங்கள் நெருங்கி வருகின்றன. பண்டைக் காலத்தில் அறுவடை முடிந்தபின் திருமணம். ஆண்டுக்கு ஒரு போகம், வீட்டுக்கு ஒரு திருமணம் என்றிருந்தபோது அது இயன்றது. இன்று பிறர் வீட்டுத் திருமணங்கள் பத்து வந்து நிற்கும்போது, நெல் அறுக்க வந்த பெண்களையே பாத்திரம் கழுவ அழைக்க நேர்கிறது. அங்கே கூலி மிகுதி என்பதால் அவர்களும் வருவர். நெல் கதிரிலேயே நின்று உதிரும்.

இதற்கு வழி கண்டவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். தை முதல் இரு வாரம் எந்தத் திருமணத்தையும் ஏற்பதில்லை என்று வைத்துக்கொள்வது ஒரு வழி. சம்பாவை விட்டு, முகூர்த்தங்கள் இல்லாத மாதங்களில் உழைப்பு மிகும் பயிர்களுக்கு மாறுவது மற்றொரு வழி. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் பொதுவாகத் திருமணம் இல்லா மாதங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நாட்டில், ஆடியில் பந்தல் வேலை இல்லாமல் இருப்பது உழவருக்குக் கிடைத்த பேறு. அம்மாதத்தில் எருவிடுதல், வரப்பு கட்டுதல், வாழைக்கன்று பிரித்தல் ஆகிய எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். புரட்டாசியில் மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரலாம்.

வாழையை எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும். பந்தல் வாசலில் கட்டும் குலைவாழை நட்ட நாள் முதல் பத்து முதல் பன்னிரண்டு மாதம் வளர வேண்டும். இவ்வாண்டுத் தை முகூர்த்தத்துக்கு வேண்டிய வாழையைச் சென்ற தை, மாசியிலேயே நட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் நட்டால் ஒரே மாதத்தில் குலை தள்ளும். ஆகவே மாதத்துக்குச் சில கன்றுகளாகப் பிரித்து நடுவதே முறை. இலைக்கென்று பூவன் தனி வரிசை. இலையறுத்த மரத்தில் குலை சிறுக்கும் என்பதை அறியாமல் ஒரே மரத்தில் இரண்டையும் எதிர்பார்ப்பது நகரத்திலிருந்து வந்த புது உழவர் செய்யும் முதல் பிழை. சம்பங்கி, மல்லிகை இரண்டும் தோப்போரத்தில் இருந்தால் மாலைக்குக் கோயம்பேட்டை நம்ப வேண்டியதில்லை. மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயருக்காகவே அந்த நெல்லை அரை ஏக்கர் விதைத்து, மணவீட்டாருக்கு அதன் அவலையும் கஞ்சியையும் வழங்கலாம். நெல்லுக்கு அரசு தரும் விலையை நம்பாமல் இலையிலேயே விற்கும் வழி இது ஒன்றே. மேலே சொன்ன 1,600 ரூபாய்க் கணக்கு அப்போதுதான் சிறிதேனும் மாறும்.

வண்டிகள் நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். எண்பது கார்கள் வந்தால், திரும்பும் வழியையும் சேர்த்து ஒன்றுக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்தால் 2,000 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கர். அறுவடையான காய்ந்த வயலில் மாசி, பங்குனியில் நிறுத்திவிட்டுப் பிறகு ஆழ உழுதுவிட்டால் பெரிய கேடில்லை. ஈரம் காயாத களிமண் வயலில் கார்த்திகை மாதம் நிறுத்தினால் மண் இறுகிப்போய், அடுத்த பட்டத்தில் வேர் இறங்காது. கிராவல் கொட்டுவது அதைவிடக் கேடு. கொட்டியதை எடுப்பவர் எவருமில்லை.

தண்ணீருக்கு வரலாம். கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கூறும் பொது விதி. அதன் மறுபக்கம் கொடியது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் உவர்நீர் மேலெழும்ப இடமுண்டு. நானூறு விருந்தினர்க்குத் தலைக்கு முப்பது லிட்டர் என்றால் 12,000 லிட்டர். ஒரு பெரிய லாரித் தொட்டி. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் நெல்லுக்கு இறைப்பதைவிட இது குறைவுதான். ஆனால் ஒரே மாலையில், ஒரே குழாய்க்கிணற்றில், முழு விசையோடு இறைப்பதே உவரை அழைத்து வருகிறது. ஆகவே முதல் நான்கு நாட்களாகச் சிறிது சிறிதாக இறைத்துத் தரைத்தொட்டியில் சேர்த்துவைப்பது நல்லது. ஒருமுறை உவர்த்த கிணற்றைப் பக்கத்து நிலத்தாரும் சேர்ந்தே இழக்கின்றனர். 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடிநீர்ச் சட்டம் பட்டியலிட்ட ஊர்களில் கிணறு தோண்டவும் நீரை வண்டியில் கொண்டுசெல்லவும் இசைவு பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டங்களைப் பற்றி விரித்துரைத்தால் அவையோர் எழுந்து போய்விடுவர். ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விட இயலாது. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. பண்ணையின் நிலத்தையோ வீட்டையோ வேளாண்மையல்லாத பயனுக்கு வாடகைக்கு விட்டுப் பெறும் தொகை வேளாண் வருமானம் ஆகாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமே கூறியுள்ளது. தோப்பில் நடந்த திருமணத்தின் வாடகையைத் தேங்காய் விற்ற வரவோடு சேர்த்து எழுதுவது பொய். பொய்யாமை அணுவிரதங்களுள் ஒன்று என்பதை இந்த அவைக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மின்சாரம். தமிழ்நாட்டில் வேளாண் மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. பம்புசெட்டுக்குத் தந்த அந்த இணைப்பிலிருந்து சரவிளக்குக்குக் கம்பி இழுப்பது களவு. அதற்குத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும், அல்லது ஜெனரேட்டர் வைக்க வேண்டும். மூன்றாவது, கடலும் கல்லும். உயர் ஓத வரியிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் செல்லும். மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டரில் இசைவின்றிக் கூடாது.

நான்காவது, நிலம் வாங்குவோர்க்கு. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்ற ஆங்கிலேயர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 முதல் அம்மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். அவை வேறு சமூகத்தாருக்கு விற்கப்படக் கூடாதவை. அப்படியிருந்தும் பல கைமாறிப் போயின. 1994-இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு தோப்பை வாங்கி, அதில் நாதசுரம் முழங்க மணமேடை போடும் முன், அந்நிலத்தின் பழைய பதிவேடு யார் பெயரைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பிறர் பொருளைக் கொள்ளாமை என்பது வில்லங்கச் சான்றிதழின் கடைசி முப்பது ஆண்டுகளோடு முடிந்துவிடுவதன்று.

தீயைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தை மாதம், முகூர்த்த நேரம். ஒரு பண்ணையில் அதைவிட மிகுதியாகத் தீக்கு இரை உண்டு. தையில்தான் வைக்கோற்போர் உயர்ந்து நிற்கும். சருகு காய்ந்து கிடக்கும். அங்கே மாப்பிள்ளை அழைப்புக்கு வாணவெடி வெடிப்பதை ஒப்புக்கொள்ளும் பண்ணையார் தம் மாடுகளையும் பணயம் வைக்கிறார். கீற்றுப் பந்தல் அழகுதான், குளிர்ச்சிதான். அடுப்பின்மேல் அது வேண்டாம். வேள்வித் தீக்கு மேல் வேண்டாம். விளக்குக் கம்பி அதைத் தொட வேண்டாம். பந்தலுக்கு இரண்டு வழியாவது அகலமாகத் திறந்திருக்க வேண்டும். அலங்காரக்காரர் பின்வழியைத் துணியால் மூடி மறைப்பார். முகூர்த்தத்துக்கு முன்னாள் இரவு வீட்டுக்காரர் ஒருவர் நடந்து சென்று அதை அவிழ்த்துவிட வேண்டும்.

இனி உணவு. இரவுண்ணாமை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த ஒழுக்கம். பகலவன் மறையுமுன் பந்தி முடிந்துவிட்டால் பண்ணைக்கு எத்தனை நன்மை என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. விளக்கு குறையும், ஜெனரேட்டர் குறையும், உழைப்பவர் இருட்டுமுன் வீடு திரும்புவர். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. பகற்பந்திக்கு அந்தக் கவலையே எழாது. கிழங்கும் வெங்காயமும் இன்றி முந்நூறு பேருக்கு விருந்து சமைக்க இயலுமா என்று பிற சமயத்து மணவீட்டார் ஐயுறுவர். அவரை, புடலை, வாழைக்காய், வாழைப்பூ, பறங்கி, பூசணி, முருங்கை என்று தோட்டத்திலேயே இருப்பதைக் காட்டினால் போதும். நீரை இருமடித் துணியில் வடிகட்டுவது சமையற்காரருக்கு முதல் முறை விந்தையாகவும், இரண்டாம் முறை பழக்கமாகவும் இருக்கும். மதுவைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று மாநில அரசு விதியைத் திருத்தி, எதிர்ப்பு எழவே மண்டபங்களை அதிலிருந்து நீக்கியது பலருக்கும் நினைவிருக்கும். அரசே தடுமாறிய இடத்தில், விருந்தினர் வண்டியின் பின்பெட்டியில் என்ன இருக்கிறது என்று வாசலில் நின்று வாதாடுவதைவிட, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவது எளிது. அதனால் சில திருமணங்கள் வேறிடம் போகும். போகட்டும்.

ஒளியும் உயிர்க்கொலை ஆகக்கூடும் என்பதைக் கடற்கரையில் நிலம் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை இக்கரையில் முட்டையிட வரும் கடலாமையை மீனவர் பங்குனி ஆமை என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ ஒன்றரை மாதம் மணலுக்குள் இருந்து வெளிவரும் குஞ்சுகள், எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அதையே கடல் என்று எண்ணி ஊர்ந்து செல்லும். மனிதர் விளக்கில்லாத காலத்தில் நிலவும் விண்மீனும் பட்டு ஒளிர்ந்த கடலே அத்திசை. இன்று அது மணமேடையாக இருந்தால், குஞ்சுகள் சாலையை நோக்கிச் சென்று மடியும். 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர் குழுவொன்று இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. ஆமை மிகுந்து வரும் மாதங்களும் முகூர்த்தம் மிகுந்த மாதங்களும் ஒன்றே என்பதுதான் இடர். கடலைப் பார்த்த விளக்கைத் திருப்பிவைப்பதும், தாழ்வாக, மூடியிட்ட மஞ்சள் விளக்கைப் பயன்படுத்துவதும் செலவற்ற செயல்கள். தோப்புக்குள்ளும் அதே முறை நல்லது. விளக்கில் விழும் பூச்சிகளைக் கண்டுதான் முன்னோர் இரவுணவை விலக்கினர். விருந்தினர் இலையில் விழாத பூச்சியும் விளக்கில் விழுந்து சாகிறது.

குப்பையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் நெகிழித் தட்டும் குவளையும் உறிஞ்சுகுழலும் இம்மாநிலத்தில் தடையிலுள்ளன. நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலைநாள் முன்பே ஊராட்சிக்குத் தெரிவித்துக் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி கூறியது. நெகிழி கலவாத எச்சில் இலை எருக்குழிக்குப் பொன். கலந்துவிட்டால் மாட்டின் வயிற்றுக்கு நஞ்சு.

மழை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதில்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அது கார்த்திகை மாதத்தின் கடைசி முகூர்த்த வாரங்கள். ஐப்பசி, கார்த்திகை மணங்களை ஏற்கும் பண்ணை, புயல் வந்தால் முன்பணம் திரும்புமா, நாள் மாறுமா, பக்கத்து ஊர் மண்டபத்துக்கு மாற்றித் தருமா என்பதைப் பணம் வாங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பெண் வீட்டார் கடன் வாங்கிய பணம் அது என்பதை மறவாதிருப்பது நல்லது.

இறுதியாக, கணக்கிலும் சட்டத்திலும் அடங்காத ஒன்று. குடும்பம் குடியிருக்கும் பண்ணையில் குடும்பத்துக்கு நேர்வன எல்லாம் நேரும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அவ்வீட்டு மூதாட்டி இறந்துவிட்டால் என்ன செய்வது? மண்டபத்துக்குத் தீட்டில்லை, வீட்டுக்கு உண்டு. மணவீட்டாரோ மங்கலத்தை எண்ணி அஞ்சுவர். துக்க வீட்டாரோ அழவும் இயலாமல், நாதசுரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருக்க நேரும். இது கற்பனை அன்று. முதியோர் வாழும் எந்த வீட்டிலும் ஓராண்டில் நிகழக்கூடியது. ஆகவே தோப்புக்குத் தனி வாசலும், வீட்டுக்குத் தனி வாசலும், இடையே உயிர்வேலியும் வேண்டும். பக்கத்துப் பண்ணையாரோடு, ஒருவர் துக்கத்தில் மற்றவர் பந்தலை நடத்திக் கொடுப்பது என்று ஓர் உடன்பாடும் வேண்டும். அவ்வுடன்பாட்டுக்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை. நடவுக்கு மாறி மாறிக் கைகொடுக்கும் வழக்கம் ஊரில் இன்றும் இருக்கிறது. அதன் இன்னொரு வடிவம்தான் இது. வேலிக்கு நொச்சியும் கிளுவையும் எளிதில் பிடிக்கும்.

அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என ஆறு தொழில்களை ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்தார் என்கிறது ஆதிபுராணம். தோப்பில் மணப்பந்தல் போடும் குடும்பம் உழவையும் வாணிகத்தையும் ஒரே வரப்புக்குள் செய்கிறது. உழவில் நேரும் உயிரிழப்பை இல்லறத்தார் தவிர்க்க இயலாத தொழில்வழிக் கொலை என்றும், வேண்டுமென்றே செய்வதைச் சங்கற்பக் கொலை என்றும் ஆசிரியர்கள் பிரித்துவைத்தனர். ஏர்முனையில் மடியும் புழு முன்னதில் சேரும். மணமேடை விளக்கில் மடியும் ஆமைக்குஞ்சு எதில் சேரும் என்பதை விழா முடிந்து பகலுணவுக்குச் செல்கையில் பெரியோர் தமக்குள் பேசிக்கொள்ளலாம். இளைஞர் அதைக் கேட்டிருப்பதும் நல்லது.

மணமக்கள் புறப்பட்டுச் சென்ற மறுநாள் காலையில் பண்ணையில் நடப்பவை இவை. விடியுமுன் பால் கறக்க வேண்டும்; மாடுகளுக்கு நேற்றைய கூட்டம் தெரியும், சிறிது குறைவாகவே கறக்கும். பந்தற்கால்களைப் பிடுங்கிய குழிகளை மூட வேண்டும். ஆணியும் கம்பித் துண்டும் மண்ணில் கிடந்தால் உழுபவர் காலில் ஏறும். அவற்றைப் பொறுக்க இரண்டு பிள்ளைகளும் ஒரு காந்தமும் போதும். இலைகளை எருக்குழியில் இட்டுச் சாணம் கரைத்துத் தெளிக்க வேண்டும். குலை அறுத்த வாழைத்தண்டை நறுக்கித் தொழுவத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு வண்டிகள் நின்ற அரை ஏக்கரை, ஈரம் பார்த்து, உழ வேண்டும்.